தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

போன சனிக்கிழமை பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்பு, வேலை பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. அப்பா 20 விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். அம்மாவும் தாய்மாமனும் கூட வந்திருந்தார்கள். மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு. உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார்: "பாப்பா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்குதுங்க. யாருக்கோ பதில் எழுதிட்டே இருக்குது. கேட்டா யூசருங்குது."

மாமாவிடம் வழி தயாராக இருந்தது. அமெரிக்காவில் எம்.எஸ்., 45 லட்சம் கடன், அதற்குப் பிணையாகத் தாராபுரம் ரோட்டுத் தென்னந்தோப்பு. "நம்ம சொந்தத்துல மூணு பேரு போயாச்சு. நாம மட்டும் என்ன குறைச்சலுங்க?"

நானும் முதலில் தைரியம்தான் சொன்னேன். நல்ல பிள்ளை, கெட்டுப் போய்விடாது என்றேன். அப்புறம் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நாலு பக்கம் புரட்டியதும் தைரியம் சொல்வதை விட்டுவிட்டேன். நடக்கவிருந்த தப்பை யாராவது குறுக்கே நின்று தடுக்க வேண்டியிருந்தது.

அவள் செய்திருப்பது ஒரு மெயில் மென்பொருள். புதிய முகவரி தருகிற சேவை இல்லை. ஏற்கெனவே உள்ள முகவரிக்கு வரும் மெயிலைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அடுக்கி, பதில் எழுத உதவும் அவுட்லுக், தண்டர்பேர்டு வகை. அவளுடைய அக்கா திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர் கொடுக்கும் பையரோடு பேசி வேலையை முடித்துக் கொடுப்பவள். டெக் பேக் என்ற துணி வடிவமைப்பு விவரம், அளவு மாற்றம், லேப் டிப் என்ற சாயச் சாம்பிளுக்கு ஒப்புதல், ஷிப்மென்ட் தேதி என்று ஒரே ஆர்டருக்கு பையரிடமிருந்து மெயில் வந்து குவியும். அதையெல்லாம் ஸ்டைல் நம்பர் வாரியாகப் பிரித்து வைக்கும்படி அக்காவுக்காக எழுதியது அக்காவின் தோழிகளுக்கும் போயிருக்கிறது. ஆறு மாதத்தில் 60 பேருக்கு மேல் பயன்படுத்துகிறார்கள்.

நோட்டில் நான்கு கட்டம்: யார், என்ன சொன்னார், உண்மையில் என்ன நடந்தது, நான் என்ன செய்தேன். அந்த மூன்றாவது கட்டத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

ஒரு புகார்: "பையர் மெயிலக் காணோம், உங்க சாப்ட்வேர் தின்னுடுச்சு." நடந்தது என்னவென்றால், பையர் பதில் எழுதும்போது சப்ஜெக்டை மாற்றிவிட்டார். இவளுடைய மென்பொருள் சப்ஜெக்டை மட்டும் பார்த்துச் சேர்த்ததால் அந்த மெயில் வேறு போல்டரில் போய் விழுந்திருக்கிறது. எந்த மெயிலுக்கு இது பதில் என்ற அடையாளம் மெயிலின் தலைப்பகுதியிலேயே, இன்-ரிப்ளை-டு என்ற வரியில் வரும். அதைப் படிக்காமல் விட்டது தன் தப்பு என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். அனுப்பிய பதில்: "அக்கா, மெயில் பத்திரமா இருக்கு. 'இதர' போல்டர்ல மேலிருந்து நாலாவது. தப்பு என்னோடது. சரி பண்ணினதும் நானே சொல்றேன்." நாலே வரி. முதல் வரியில் பயத்தைப் போக்கியிருக்கிறாள், இரண்டாவதில் மெயில் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறாள், மூன்றாவதில் பொறுப்பு ஏற்றிருக்கிறாள், கடைசியில் காப்பாற்ற முடியாத தேதி எதையும் கொடுக்கவில்லை. இப்படிப் பதில் எழுத எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று, ஒரு நூல் வியாபாரி சொன்னது. தமிழில் நீளமாக சப்ஜெக்ட் எழுதினால் நடுவில் கட்டம் கட்டமாக வருகிறதாம். சப்ஜெக்டில் தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பாமல் சங்கேதமாக மாற்றி, 75 குறிக்கு மிகாத துண்டுகளாக வெட்டி அனுப்புவது வழக்கமான முறை. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எண்களாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வெட்டும் இடம் அந்த மூன்றுக்கு நடுவே விழுந்தால் எழுத்து சிதையும். ஒரு துண்டுக்கு 15 தமிழ்க் குறி என்று கணக்குப் போட்டு, ஓரத்தில் பென்சிலால் படம் வரைந்து, சரிசெய்திருக்கிறாள்.

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982ல் எழுதப்பட்டது. பெட்டியை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் 1986ல் தொடங்கியது. இரண்டும் திருத்தங்களோடு இன்றும் ஓடுகின்றன. ஆண்டுக்கு ஒரு பெயர் மாறும் கோர்ஸ்களுக்கு நடுவில் இவள் நாற்பது வருடமாக நிலைத்த ஒன்றைக் கற்றிருக்கிறாள்.

இனி அப்பாவிடம் நேரடியாகவே பேசுகிறேன்.

அண்ணா, தோப்பை வைக்காதீர்கள். 7.5 லட்சத்தைத் தாண்டிய கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். படிக்கிற காலத்திலேயே வட்டி ஏற ஆரம்பித்துவிடும். படித்து முடித்ததும் அங்கேயே வேலை என்று மச்சான் சொல்கிறார். அங்கே வேலை பார்க்கத் தரும் எச்1பி விசா ஆண்டுக்கு 65,000 பேருக்குத்தான், அங்கே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பம் அதற்கு மேல் போனால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வராவிட்டால் கடன் நிற்காது. தறிக்கூலி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை நம்பி இவ்வளவு பெரிய கடன் வாங்கக் கூடாது. சொந்தக்காரர்கள் போனது அவர்கள் கணக்கு. அதோடு, போக வேண்டும் என்று பாப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

இந்த மென்பொருள் சோறு போடுமா என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. போடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். மெயில்பாக்ஸ் என்றொரு மெயில் செயலி 2013ல் வந்தபோது மக்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அதே ஆண்டு டிராப்பாக்ஸ் அதை வாங்கியது, 2016ல் மூடிவிட்டது. மறுபக்கம், 2008ல் தொடங்கிய கே-9 மெயில் பல வருடம் தன்னார்வலர்கள் கையில் வளர்ந்து, 2022ல் தண்டர்பேர்டோடு சேர்ந்தது. 2024ல் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டு அதிலிருந்துதான் வந்தது. தண்டர்பேர்டு பெரும்பாலும் பயனர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. இரண்டில் எந்தப் பக்கம் விழுந்தாலும் அந்த நோட்டு நிற்கும்.

நான் சொல்லும் வழி, ப்ராடக்ட் சப்போர்ட் இன்ஜினியர் வேலை. மாமா உடனே "கால் சென்டருங்களா?" என்றார். இல்லை. வாடிக்கையாளர் "வேலை செய்யல" என்று ஒரு வார்த்தைதான் எழுதுவார். எந்தப் பதிப்பு, எந்த சர்வர், எதை அழுத்தினார் என்று பொறுமையாகக் கேட்டு, அதே கோளாறைத் தன் கம்ப்யூட்டரில் வரவழைத்து, மென்பொருள் தானே எழுதிவைக்கும் லாக் பதிவைப் படித்து, நிரல் எழுதுகிறவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்து, சரியானதும் வாடிக்கையாளரிடம் திரும்பிப் போய்ச் சொல்கிற வேலை. சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிற எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஆள் வேண்டும். கோயம்புத்தூரிலேயே அப்படிப்பட்ட கம்பெனிகள் உண்டு. இங்கிருந்து நிரல் எழுதும் பக்கமும் போகலாம், என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் பக்கமும் போகலாம்.

வேலை கேட்டுப் போகும்போது அவள் மார்க் ஷீட்டை முன்னால் நீட்ட வேண்டாம். நோட்டிலிருந்து பத்து புகாரை எடுக்கட்டும். ஆட்களின் பெயர், கம்பெனி, பையர் விவரம் எல்லாவற்றையும் நீக்கி, புகார், காரணம், பதில், திருத்தம் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் எழுதட்டும். தண்டர்பேர்டின் நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம். கூடவே அதில் இன்னும் சரிசெய்யாத சின்னக் கோளாறு ஒன்றிரண்டை எடுத்துத் திருத்தி அனுப்பட்டும். அங்கே ஏற்றுக்கொண்டால் உலகத்தில் யாரும் போய்ப் பார்க்கக்கூடிய சான்று அது. இப்படிப்பட்ட திறந்த மென்பொருள்களுக்கு நிரல் எழுத வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005 முதல் நடக்கிறது. 18 வயது முடிந்த புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், வேலையை முடித்தால் உதவித்தொகையும் உண்டு. இதில் எதற்கும் நீங்கள் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்.

பாப்பாவிடமும் கண்டிப்பாகச் சில விஷயம் சொல்லியிருக்கிறேன். ஜிமெயில் கணக்கோடு இணைக்கும் மென்பொருள் கூகுளின் சரிபார்ப்பு பெறாதவரை 100 பேரோடு நின்றுவிடும். அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும். யாருடைய மெயிலையும் தன் சர்வருக்குக் கொண்டுவரக் கூடாது. அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். பையர் விலை இருக்கிற மெயில் வெளியே போனால் ஒரு கம்பெனியின் ஆர்டரே போகும். கேட்பதற்கெல்லாம் சரி என்று தலையாட்டக் கூடாது. காலண்டர் வேண்டும், வாட்ஸ்அப் இணைப்பு வேண்டும் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். மெயில் தொலையாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. புதிய பதிப்பை 60 பேருக்கும் ஒரேயடியாகக் கொடுக்காமல் முதலில் அக்காவுக்கும் இன்னும் நாலு பேருக்கும் கொடுத்து ஒரு வாரம் பார்க்க வேண்டும். அப்புறம், காசு வாங்க வேண்டும். வருடச் சந்தா சிறியதாகவே இருக்கட்டும், ஆனால் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் யாருக்கு உண்மையில் தேவை என்று தெரியாது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

ராத்திரி ஒரு மணி விஷயத்தில் நான் அம்மா பக்கம்தான். காலை 7 முதல் 9, சாயங்காலம் 6 முதல் 8, அவ்வளவுதான் பதில் நேரம். மற்ற நேரத்தில், உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று தானாகப் போகும் ஒரு வரி போதும். ஒரு பேப்பர் அரியர் இருப்பதையும் இந்தத் தேர்விலேயே முடிக்க வேண்டும்.

ஒன்றரை வருடம் கெடு வைத்திருக்கிறோம். அதற்குள் சப்போர்ட் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். மென்பொருள் பக்கத்திலேயே ஓடட்டும். மாமா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அந்த நோட்டை வாங்கி நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். தன் கடை மெயிலில் ஏதோ இறங்க மாட்டேன் என்கிறது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பாப்பா உடனே பேனாவைத் திறந்து, "எந்த வெர்ஷன் மாமா?" என்று கேட்டாள்.