ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போட்ட மார்க்

கேள்வி: சிட்னியில் வென்ட்வொர்த்வில் பகுதியில் வசிக்கிறேன். பல வருடங்களாக இங்கிலீஷ் பிரீமியர் லீக் ரசிகன். இங்கே நடக்கும் ஏ-லீக்கை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. இங்கிலாந்தின் நான்காம் டிவிஷன் அணி ஒன்று வந்தால்கூட இவர்களை ஊதித் தள்ளிவிடும். என் மகனோ வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் கேட்டு அடம்பிடிக்கிறான். நல்ல கால்பந்து எது என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?
— ஒரு வாசகர், சிட்னி

பதில்: ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நான்காம் டிவிஷன் என்ற மார்க்கை எதை வைத்துப் போட்டீர்கள்? டிவியில் பிரீமியர் லீக் எப்படித் தெரிகிறதோ, அதை வைத்து. நிரம்பிய அரங்கம், சுற்றிலும் கேமராக்கள், மூச்சுவிடாத வர்ணனை எல்லாம் சேர்ந்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் காட்டும். பாதி காலியான அரங்கத்தில் அதே பாஸ் மந்தமாகத் தெரியும். நீங்கள் ஒப்பிட்டது ஒளிபரப்பை. ஆட்டத்தை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

ஏ-லீக் பிரீமியர் லீக்குக்குக் கிட்டக்கூட வராது. இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. வருவதற்கு வழியும் கிடையாது. ஒரு கிளப் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்துக்கு ஏ-லீக்கில் உச்சவரம்பு உண்டு. சில விலக்குகள் நீங்கலாக, சமீப சீசன்களில் அது வருடத்துக்குச் சுமார் 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. பிரீமியர் லீக்கின் முதல் வரிசை நட்சத்திரம் ஒருவர் இந்தத் தொகையை ஓரிரு மாதத்தில் சம்பாதித்துவிடுவார். இந்த இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி எது உசத்தி என்று கேட்பதில் என்ன பயன்? அந்தப் பணத்துக்கு, அந்த நிலைமையில், எப்படி ஆடுகிறார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, நான்காம் டிவிஷன் கணக்குக்கு வருவோம். வெவ்வேறு லீக்கில் இருக்கும் இரண்டு கிளப்புகள் மோதிக்கொள்வதே இல்லை என்றால், யார் மேல் என்று புள்ளிவிவரத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் தரவரிசைகளும் இங்கேதான் திணறுகின்றன. ஒரு லீக்குக்குள் யார் யாரை ஜெயித்தாலும், அந்த லீக் வெளியுலகத்தில் எங்கே நிற்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. வெளி அணிகளோடு ஆடும் சில ஆட்டங்கள் மட்டுமே பாலம். அந்தப் பாலமாக நட்பு ஆட்டங்களைப் பிடித்துக்கொள்வதும் தவறு. 2013-ல் மான்செஸ்டர் யுனைட்டட் சிட்னிக்கு வந்து ஏ-லீக் ஆல் ஸ்டார்ஸ் அணியை 5-1 என்று நொறுக்கியது. அடுத்த வருடம் யுவென்டஸ் அதே பெயர் கொண்ட அணியை 3-2 என்றுதான் வென்றது. 2022-ல் பார்சிலோனாவுக்கும் 3-2. இதை வைத்து ஏ-லீக்குக்கும் பார்சிலோனாவுக்கும் ஒரு கோல்தான் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் அந்த 5-1 ஆட்டத்தையும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

உண்மையான பாலம் ஆசியாவில் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2006-ல் ஓசியானியா கூட்டமைப்பை விட்டு ஆசியக் கூட்டமைப்புக்கு வந்தது. அதன் பிறகு ஏ-லீக் கிளப்புகள் ஜப்பான், கொரியா, சீனா, சவுதி கிளப்புகளோடு புள்ளிக்காகவும் கோப்பைக்காகவும் மோதுகின்றன. 2008-ல் அடிலெய்டு யுனைட்டட் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போய், காம்பா ஒசாகாவிடம் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-0 என்று தோற்றது. ஆறு வருடம் கழித்து அந்தக் கோப்பையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு வந்தது உங்கள் மகன் டிக்கெட் கேட்கும் அதே வாண்டரர்ஸ். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி பாரமட்டாவில் இருக்கும் கிளப். 2012-ல் தொடங்கிய கிளப்புக்கு அப்போது வயது இரண்டு. காலிறுதியில் நடப்புச் சாம்பியன் குவாங்சோ எவர்கிராண்டை வெளியேற்றினார்கள். இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த மார்செல்லோ லிப்பிதான் அந்த அணியின் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்தில் சவுதியின் அல்-ஹிலால். பாரமட்டாவில் டோமி யூரிச் அடித்த ஒரே கோல், ரியாதில் 0-0.

அது அதிர்ஷ்டம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ரியாதில் அல்-ஹிலால் பெனால்டி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனது, வாண்டரர்ஸ் கோல்கீப்பர் ஆன்டே கோவிச் இல்லாவிட்டால் ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். ஆசிய சாம்பியனான அதே அணி, அந்த 2014-15 சீசனில் பத்து அணிகள் கொண்ட ஏ-லீக்கில் ஒன்பதாவது இடத்தில் முடித்தது! இதை மட்டும் பார்த்து ஏ-லீக் ஆசியாவிலேயே கடினமான லீக் என்று யாராவது சொன்னால் தப்பு. சம்பள வரம்புக்குள் கட்டிய அணியில் மாற்று வீரர்கள் குறைவு. நடுவில் பயணம், உலக கிளப் கோப்பை, காயங்கள். பதினோரு பேரை வைத்து ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்துவிடலாம், ஒரு வருடத்தை ஓட்ட முடியாது. ஏ-லீக்கின் தரம் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சரியான சித்திரம் இதுதான். உச்சம் நாம் நினைப்பதைவிட உயரம், ஆழம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

2024-ல் ஏ-லீக்கின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் லெபனானின் அல்-அஹெத் அணியை மஸ்கட்டில் 1-0 என்று வென்று ஏஎஃப்சி கோப்பையை வாங்கியது. அது ஆசியாவின் இரண்டாம் நிலைக் கோப்பை. அடுத்த சீசனில் முதல் நிலைப் போட்டியில் ஜப்பான், கொரிய கிளப்புகளுக்கு எதிரே இறங்கியபோது ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அதே சீசனில் சிட்னி எஃப்சி இரண்டாம் நிலைப் போட்டியின் அரையிறுதியில் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸிடம் தோற்று வெளியேறியது. சிங்கப்பூர் கிளப்பிடம் தோற்றதை எந்த ஆஸ்திரேலிய ரசிகரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கிளப்புகள் மோதாத இடத்தில் வீரர்களைப் பின்தொடரலாம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த வழி. ஜேசன் கமிங்ஸ் என்ற ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷனில் ஷ்ரூஸ்பரி அணிக்கு ஆடினார். 2020 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் அடித்து 2-2 ஆக்கினார். லீக்கில் அவர் அப்படியொன்றும் கோல் மழை பொழியவில்லை. பிறகு ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, அங்கிருந்து மரினர்ஸுக்கு வந்தார். 2023 ஏ-லீக் இறுதி ஆட்டத்தில் மெல்போர்ன் சிட்டியை மரினர்ஸ் 6-1 என்று வென்றபோது ஹாட்ரிக் அவருடையது. அடுத்து கொல்கத்தா, மோகன் பகான். இன்னொருவர் ஜேமி மெக்லாரன். ஏ-லீக் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர். ஜெர்மனியில் டார்ம்ஸ்டட் கிளப்பில் எடுபடவில்லை. 2024-ல் அவரும் மோகன் பகானுக்கு வந்தார். 2025 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தில் பெங்களூரு எஃப்சியை மோகன் பகான் 2-1 என்று வென்றது. பெனால்டியில் ஒரு கோல் கமிங்ஸ், கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் மெக்லாரன். நம்மூரில் சென்னையின் எஃப்சி ரசிகர்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும். 2020 ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில் அவர்களைத் தோற்கடித்த கொல்கத்தாவின் ஏடிகே அணியின் முன்வரிசை ராய் கிருஷ்ணா, டேவிட் வில்லியம்ஸ். இருவரும் ஏ-லீக்கின் வெலிங்டன் ஃபீனிக்ஸிலிருந்து வந்தவர்கள்.

ஒருவரை வைத்து லீக்கை எடைபோட முடியாது. ஆனால் இப்படிப் பலர் போய் வரும் பாதையைப் பார்த்தால் ஏணியின் படிகள் தெரியும். ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன் மேலே, ஐஎஸ்எல் கீழே, இங்கிலாந்தின் மூன்றாம் டிவிஷன் ஏறக்குறைய பக்கத்தில். ஆசியாவில் ஜப்பான், கொரியா, சவுதி மூன்றும் மேலே. இது என் கணிப்பு. நீங்கள் சொன்ன நான்காம் டிவிஷனுக்கு இதில் எங்கும் இடம் வரவில்லை.

2022 உலகக் கோப்பையையும் பாருங்கள். ஆஸ்திரேலியா கடைசி 16 வரை போனது. பிரான்ஸுக்கு எதிராக கோல் அடித்தவர் அடிலெய்டு யுனைட்டடின் கிரெய்க் குட்வின். டென்மார்க்கை வீட்டுக்கு அனுப்பிய கோலை அடித்தவர் மெல்போர்ன் சிட்டியின் மேத்யூ லெக்கி. அர்ஜென்டினாவுக்கு எதிரான கோலும் குட்வின் உதைத்த பந்து என்சோ பெர்னாண்டஸ் மேல் பட்டுத்தான் உள்ளே போனது. லெக்கி பத்து வருடம் ஜெர்மனியில் பழகியவர், அந்தப் பெருமை முழுக்க ஏ-லீக்குக்குச் சேராது. ஆனால் அவர் ஆரம்பித்தது அடிலெய்டில். ஆஞ்ச் போஸ்டகாக்லு பயிற்சியாளராகப் பெயர் எடுத்ததும் இந்த லீக்கில்தான். பிரிஸ்பேன் ரோர் அணியை 36 ஆட்டங்கள் தோல்வியில்லாமல் நடத்தி, 2011, 2012 இரண்டு வருடமும் பட்டம் வாங்கினார். பிறகு ஜப்பானின் யோகோஹாமா, ஸ்காட்லாந்தின் செல்டிக், கடைசியில் பிரீமியர் லீக்கின் டாட்டன்ஹாமோடு 2025-ல் யூரோப்பா லீக் பட்டம். நீங்கள் நடுராத்திரியில் கண்விழித்துப் பார்த்த அணியின் ஆட்டமுறை பிரிஸ்பேனில் உருவானது.

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கும் உண்டு. ஏ-லீக்கில் நடுக்களத்தில் பந்து வாங்குகிறவருக்கு யோசிக்க நேரம் அதிகம் கிடைக்கிறது. எதிரணி வந்து நெருக்குவதில்லை. அறுபதாவது நிமிடத்துக்கு மேல் இரண்டு அணிகளும் நடுவில் கிழிந்து போகும். குளிர்காலம் முழுவதையும் ரக்பி லீக்கும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலும் எடுத்துக்கொள்வதால் அக்டோபரிலிருந்து வெயிலில் ஆட வேண்டியிருக்கிறது. பெர்த்திலிருந்து வெலிங்டனுக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. என்னை உண்மையில் கோபப்படுத்துவது கதவை மூடி வைத்திருப்பது. கடைசி இடத்தில் முடித்தாலும் எந்த அணியும் கீழே இறங்காது, கீழிருந்து யாரும் மேலே வர முடியாது. 2022-ல் மாநில லீக்கில் ஆடும் சிட்னி யுனைட்டட் 58, ஆஸ்திரேலியா கோப்பையின் இறுதி வரை வந்து காட்டியது. அப்படிப்பட்ட கிளப்புக்கு ஏ-லீக்கில் ஏறுவதற்கு ஒரு வழி வேண்டாமா? மாறாக, பணம் கட்டி உரிமம் வாங்கிய வெஸ்டர்ன் யுனைட்டட் பணச் சிக்கலில் 2025-26 சீசனில் களத்திலேயே இல்லை. இறுதி ஆட்டத்தை நடத்தும் உரிமையை 2022 டிசம்பரில் சிட்னிக்கு விற்றதும் லீக் நிர்வாகம்தான். ரசிகர்கள் கொதித்தார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். தரம் குறைவு என்று திட்ட வேண்டுமானால் இவர்களைத் திட்டுங்கள். இருபது வயதுப் பையன் தவறவிட்ட ஒரு பாஸை அல்ல.

உங்கள் மகனுக்குப் புரிய வைக்க எதுவும் இல்லை. டிக்கெட் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பந்தைப் பார்க்காமல் ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் ஒரே ஒரு விங்பேக்கை மட்டும் முதல் பாதி முழுக்கப் பாருங்கள். கேமரா காட்டாத ஓட்டமெல்லாம் அப்போது தெரியும். அப்புறம், ஆசியப் போட்டியில் ஒரு ஆஸ்திரேலிய கிளப் ஜப்பான் அல்லது கொரிய அணியோடு மோதும் ஆட்டம் ஒன்றைத் தொண்ணூறு நிமிடமும் பாருங்கள். அதற்குப் பிறகும் நான்காம் டிவிஷன்தான் என்று தோன்றினால் காரணத்தோடு எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.