முடக்குவாதத்தில் டி செல்லுக்கு என்ன வேலை? டெல்டா அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மன்னார்குடி வாசகி: அம்மா குறுவை நடவுக்குப் போறவங்க. காலையில் விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகுது, சார். சேற்றில் நின்றதால் வந்ததா?

சேற்றின் மேல் பழி போடாதீர்கள். தேய்மானத்தால் வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, விறைப்பு இவ்வளவு நேரம் நீடித்தால், எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்கும் முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) என்று பார்க்க வேண்டும். மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுங்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவார்.

கும்பகோணம் வாசகர்: டி செல் உடம்பைக் காக்கத்தானே இருக்கு? அது ஏன் சொந்த மூட்டிலேயே கை வைக்கணும்?

டி செல் என்பது எதிர்ப்புச் சக்தியின் ஒரு வகை வெள்ளணு. அது நேராக மூட்டை அரிப்பதைவிட மற்றவர்களை ஏவுவதுதான் அதிகம், வயலில் நிற்கும் கங்காணி மாதிரி. சொந்தப் புரதத்தைத் தாக்கக்கூடிய டி செல்களை தைமஸ் சுரப்பி பெரும்பாலும் கழித்துவிடும், சில தப்பிவிடும். எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 மரபணுவின் சில வகைகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். பீடி, சிகரெட் புகை நுரையீரலில் புரதங்களை மாற்றி, அவற்றில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலின் ஆக்குகிறது. அதை அந்நியன் என்று எண்ணும் டி செல், பி செல் என்ற இன்னொரு வெள்ளணுவைத் தூண்டி, எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைச் செய்ய வைக்கிறது. வலி தொடங்கச் சில வருடங்கள் முன்பே அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கலாம். அப்புறம் மூட்டுச் சவ்வில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6, 17 போன்ற புரதங்கள் எல்லாம் பெருகி எலும்பு அரிபடுகிறது. அடக்க வேண்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களும் அங்கே சரியாக வேலை செய்வதில்லை. மூட்டுக்குள்ளேயே பி செல்லுக்கு உதவும் தனி வகை டி செல் ஒன்றை 2017இல் அடையாளம் கண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பாபநாசம் வாசகர்: அப்படின்னா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதுதான் காரணமா? லேகியம் சாப்பிடலாமா?

குறையவில்லை, வழி தவறியிருக்கிறது. அதை "ஏற்ற" எதையும் வாங்காதீர்கள்.

மயிலாடுதுறை வாசகி: டி செல்லையே அடக்கும் மருந்து இல்லையா?

இருக்கிறது. அபாடசெப்ட். டி செல் முழுதாகக் கிளம்ப இரண்டு சமிக்ஞை வேண்டும். இரண்டாவதை இது மறிக்கும். அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது. நோய் வரும் நிலையில் உள்ளவர்களுக்குக் கொடுத்தால் அது தள்ளிப்போகிறது என்று 2024இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் முதல் மருந்து பொதுவாக மெத்தோட்ரெக்ஸேட்தான். வாரம் ஒரு நாள் மட்டும்! தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். அபாடசெப்ட் போன்ற ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

திருவாரூர் வாசகர்: சிக்குன்குனியா வந்து நாலு மாசமா மூட்டு வலி. இதுவும் அதுதானா?

அந்தக் காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் இப்படியே வலிக்கலாம், அச்சு அசலாக முடக்குவாதம் போலவே. ஆன்டி சி.சி.பி. அதில் பெரும்பாலும் நெகட்டிவ் ஆக இருக்கும். வீக்கம் இன்னும் வடியவில்லை என்றால் பார்த்துவிடுங்கள், மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.