கதவு திறக்காத வீடு

அன்புள்ள ஐயா,

தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதே வருடம் நானும் ஓய்வுபெற்றேன். கதை எழுத ஆசை, ஒன்றை இணைத்திருக்கிறேன். இந்த வயதில் தொடங்கலாமா? பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா? எழுத்துப்பிழை வருமென்று பயமாக இருக்கிறது. சொல்லும்படி என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. தந்தி என்றாலே சாவுச் செய்திதான். சைக்கிள் மணி கேட்டால் சில வீடுகளில் கதவையே திறக்கமாட்டார்கள்.

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

வயதைப் பற்றி இனி யாரிடமும் கேட்காதீர்கள். வகுப்பு பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் கதைமேல்தான். தாத்தா நேர்மையின் பெருமையைச் சொல்கிறார், பேரன் திருந்துகிறான். இதற்காகவா முப்பது வருடம் வெயிலில் சைக்கிள் மிதித்தீர்கள்? ஓய்வுபெற்றவர்கள் எனக்கு அனுப்பும் கதைகளில் பெரும்பாலும் இந்தத் தாத்தாதான் உட்கார்ந்திருக்கிறார். நரை வந்தால் உபதேசம் செய்தாக வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?

உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியது 1940-இல், ஏறக்குறைய 85 வயதில். சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம் எல்லாம் பதிப்பித்து முடித்த பெரியவர். அவர் என்ன எழுதுகிறார்? 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிடுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரி ஆசிரியர், இருபத்தைந்து வயது. எப்படிச் சுருங்கியிருக்கும் மனசு! அறுபது வருடம் கழித்து அந்தச் சுருக்கத்தைக் கிழமையோடு எடுத்து வைக்கிறார். மறைத்திருந்தால் கேட்க ஒருவரும் இல்லை. முதுமையில் எழுத உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: இன்னும் ஆறாமல் கிடப்பது எது? கற்றுக்கொண்டது எது என்று நான் கேட்கவே இல்லை.

எழுத்துப்பிழையா? என் அம்மா 69 வயதில், மிச்சமிருந்த பழைய டைரியில் எழுத ஆரம்பித்தாள். கிணறு வற்றிய வருடம் வண்டிமாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போன கதை. 'அப்பா களுத்து மணிய மட்டும் அவுத்து மடியில கட்டிக்கிட்டு வந்தாரு' என்று ஒரு வரி. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ள, ழ, ர, ற எல்லாம் திருத்திக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு பக்கம் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் தேதி மட்டும். அந்த மணி அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க இன்று எனக்கு ஆளில்லை. ஆகவே பிழையைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். தப்பும் தவறுமாக எழுதுங்கள்.

கதவு திறக்காத வீட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடிதத்தை முடித்துவிட்டீர்களே, ஐயா! கையெழுத்து வாங்காமல் நீங்கள் திரும்ப முடியாது. அவர்களோ திறக்கமாட்டார்கள். அந்தத் திண்ணையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள்? கடைசியில் தாழ்ப்பாளை விலக்கியது யார்? பேரனை விட்டுவிட்டு அதை எழுதி அனுப்புங்கள்.