மகஜரில் ‘படையெடுப்பு’ என்று எழுதலாமா?

கேள்வி: பருத்தித்துறைப் பக்கம் ஒரு கடற்தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் நான். எல்லை தாண்டி வரும் இந்திய றோலர்களுக்கு, அதாவது இழுவைமடிப் படகுகளுக்கு எதிராக அமைச்சருக்குக் கொடுக்கும் மகஜரில் (கோரிக்கை மனுவில்) ‘படையெடுப்பு’, ‘கடற்போர்’ என்று போட வேண்டும் என்று இளம் ஆட்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மூத்தவர்களுக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மூத்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. சண்டை பட்ட ஊர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. படையெடுப்பு என்று எழுதினால் அதற்கு மறுமொழி கடற்படைதான், ரோந்தைக் கூட்டுகிறோம் என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். பிடிபடுவதும் கூலிக்கும் பங்குக்கும் வந்த ஆட்கள், படகு முதலாளி கரையில் இருப்பார். நாளைக்கு அந்தப் பக்கத்துச் சங்கங்களோடு பேசப் போக வேண்டி வந்தால், போர் என்று நீங்களே சொல்லிவைத்த இடத்தில் பேசப் போகிறவன் துரோகி ஆகிவிடுவான், அது எப்படி நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. கடலை அழிப்பது அடியை வழித்து இழுக்கிற மடி. யார் இழுத்தாலும் அழிவு ஒன்றுதான். 2017இல் கடற்தொழில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடை செய்தார்களே, அது இங்குள்ள படகுகளுக்கும் சேர்த்துத்தான். படையெடுப்பு என்று ஆரம்பித்தால் எங்கள் பக்கத்து இழுவைமடியைப் பற்றி மூச்சு விடவே முடியாது.

போர் என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1964இல் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கு எதிராகப் போர் அறிவித்தார். 1988இல் ஜனாதிபதியாக இருந்த றேகன், அந்தப் போரில் வறுமைதான் வென்றது என்றார். உண்மையில் அந்த முயற்சியின் உணவு முத்திரையும் முதியோர் மருத்துவக் காப்புறுதியும் எத்தனையோ வீடுகளைத் தாங்கியிருந்தன. ஆனால் போர் என்றால் வெற்றி தோல்வி மட்டும்தானே, பாதி நடந்த நல்ல வேலைக்கு அதில் இடமில்லை.

கடற்படை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எல்லை தாண்டுவதைத் தடுப்பது அவர்கள் வேலை. ஊர்வலத்தில் இளம் ஆட்கள் சூடாகக் கோஷம் போடட்டும், அதுவும் தேவைதான். மகஜரில் மட்டும் நடந்ததை எழுதுங்கள்: எந்த இரவு, எந்தக் கடலில், யாருடைய வலை அறுந்தது, அதன் விலை என்ன, முறைப்பாடு எங்கே கொடுத்தீர்கள். அப்புறம் கோரிக்கை: அறுந்த வலைக்கு இழப்பீடு, பிடிபடும் படகின் உரிமையாளர் மீது வழக்கு, 2017 சட்டம் உள்ளூர்ப் படகுகள் மீதும் நடைமுறைக்கு வருவது. கடைசிக் கோரிக்கைக்குச் சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு வரும். அதனால் மகஜரில் கையெழுத்து வாங்க முதல் ஒரு கூட்டம் வைத்து அதைப் பேசி முடியுங்கள்.