ஆறு நாடுகள், மூன்று நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

என் மகள் பதினோராம் வகுப்பு. ஏ.பி. கம்பேரட்டிவ் கவர்ன்மென்ட் (ஆறு நாடுகளின் ஆட்சியை ஒப்பிடும் கல்லூரித் தரப் பாடம்) தேர்வுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பாதிகூட முடியவில்லை. எங்கிருந்து தொடங்கச் சொல்வது?
– வாசகி, நியூ ஜெர்சி

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்க வேண்டாம் அம்மா. நாடு நாடாகப் படித்துக்கொண்டு போனால் பிரிட்டனும் ரஷ்யாவும் நன்றாகத் தெரியும், நைஜீரியா வெறுமையாக நிற்கும். தேர்வு கேட்பதோ ஒப்பீடு. ஆறு நாடுகளையும் பாதிப் பாதி தெரிந்தவருக்கு இரண்டு நாடுகளை மட்டும் முழுதாகத் தெரிந்தவரைவிட அதிக மதிப்பெண் வரும்.

ஒரு பெரிய தாளில் பிரிட்டன், ரஷ்யா, சீனா, ஈரான், மெக்சிகோ, நைஜீரியா என்று ஆறு பத்திகள் போடச் சொல்லுங்கள். வரிசைகள் எட்டு: ஒற்றையாட்சியா கூட்டாட்சியா, நிர்வாகத் தலைவர் யார், அவர் எப்படி வருகிறார், எப்படி நீக்கப்படுகிறார், சட்டமன்றம், தேர்தல் முறை, நீதிமன்றம், சமூகப் பிளவு. மொத்தம் 48 கட்டங்கள். முதலில் எதையும் பார்க்காமல் நிரப்ப வேண்டும். காலியாக நிற்கும் கட்டங்களுக்கு மட்டும் புத்தகத்தைத் திறந்தால் போதும். முதல் நாள் இதற்கே சரியாக இருக்கும்.

கட்டத்தை நிரப்பியதும் குறுக்கே படிக்க வேண்டும். பலன் அங்கேதான். கூட்டாட்சி மூன்று: ரஷ்யா, மெக்சிகோ, நைஜீரியா. மற்ற மூன்றும் ஒற்றையாட்சி. சட்டமன்றம் சீனாவுக்கும் ஈரானுக்கும் ஓரவை, மற்ற நான்குக்கும் ஈரவை. அதிபர் தேர்தல் வரிசை இன்னும் சுவாரசியமானது. மெக்சிகோவில் ஒரே சுற்று. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் தேவையில்லை. 2006-இல் ஏறத்தாழ 36% ஓட்டிலேயே ஒருவர் அதிபரானார். ரஷ்யாவிலும் ஈரானிலும் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்று. நைஜீரியாவில் அதிக ஓட்டு மட்டும் போதாது. மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கிலாவது தலா 25% வாங்கியிருக்க வேண்டும். வடக்கை மட்டுமோ தெற்கை மட்டுமோ நம்பி யாரும் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இந்தக் காரணத்தைச் சேர்த்துப் படித்தால் சமூகப் பிளவு வரிசைக்கும் தானாகவே விடை கிடைத்துவிடும்.

ஈரான் பத்திக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் அதிகம் குழம்புவது அங்கேதான். கார்டியன் கவுன்சிலில் 12 பேர்: ஆறு மதகுருமார்களை உச்சத் தலைவர் (அதிபருக்கும் மேலான மதத் தலைவர்) நியமிக்கிறார், ஆறு சட்ட அறிஞர்களை நீதித்துறைத் தலைவர் பரிந்துரைக்க, நாடாளுமன்றமான மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கிறது. தேர்தலில் யார் நிற்கலாம் என்று வடிகட்டுவதும், மஜ்லிஸின் சட்டங்களைத் தடுப்பதும் இந்தக் கவுன்சில். உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதோ வேறு அமைப்பு, 88 பேர் கொண்ட நிபுணர்கள் அவை. இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் அதை நம்பி எழுதிய விடை முழுதும் சரிந்துவிடும்.

இரண்டாம் நாள் கருத்துச் சொற்களுக்கும் வரைபடக் கேள்விகளுக்கும். மூன்றாம் நாள் எழுத்துப் பயிற்சி மட்டும், கடிகாரம் வைத்து.

ஸ்டேட், ரெஜீம், கவர்ன்மென்ட் மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?
– மாணவர், டெக்சஸ்

வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரசு (ஸ்டேட்), ஆட்சிமுறை (ரெஜீம்), அரசாங்கம் (கவர்ன்மென்ட்), கூடவே தேசம் (நேஷன்) என்று நான்கு தனிச் சொற்களாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசு என்பது எல்லையும் மக்களும் இறையாண்மையும் கொண்ட நிலையான அமைப்பு. ஆட்சிமுறை என்பது அதிகாரம் எந்த விதிகளின்படி நடக்கிறது என்பது. மக்களாட்சியா, சர்வாதிகாரமா என்பது இதில் வரும். அரசாங்கம் என்பது இப்போது நாற்காலியில் இருப்பவர்கள். தேசம் என்பது மொழி, மதம், வரலாறு போன்ற ஏதோ ஒன்றால் தங்களை ஒன்றாக உணரும் மக்கள்.

மாற்றத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 2024-இல் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி போய் லேபர் கட்சி வந்தது: மாறியது அரசாங்கம் மட்டும். 1979-இல் ஈரானில் மன்னராட்சி போய் இஸ்லாமியக் குடியரசு வந்தது: ஆட்சிமுறையே மாறியது, ஈரான் என்ற அரசு நீடித்தது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்த அரசே இல்லாமல் போனது. மூன்று ஆண்டுகள், மூன்று சொற்கள். அமெரிக்கப் பள்ளியில் ஸ்டேட் என்றதும் டெக்சஸ் ஞாபகம் வருவது இயல்புதான். தேர்வு அறையில் அதை ஒதுக்கிவையுங்கள்.

எழுத்துப் பகுதியில் பக்கம் பக்கமாக எழுதியும் மதிப்பெண் வரவில்லை. கட்டுரையில் இந்தியாவை உதாரணம் காட்டலாமா?
– மாணவி, கலிஃபோர்னியா

இந்தியா கூடாது, அமெரிக்காவும் கூடாது. சான்று அந்த ஆறு நாடுகளிலிருந்துதான் வர வேண்டும். இந்தியாவைப் பற்றி எவ்வளவு சரியாக எழுதினாலும் சான்றுக்கான மதிப்பெண் கிடைக்காது.

நான்கு கேள்விகள், 90 நிமிடம். கருத்துக் கேள்விக்கு 10 நிமிடம், புள்ளிவிவரக் கேள்விக்கு 20, இரு நாட்டு ஒப்பீட்டுக்கு 20, கட்டுரைக்கு 40 என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு நாலு மதிப்பெண், மற்ற மூன்றுக்கும் தலா ஐந்து. பக்கக் கணக்குக்கு மதிப்பெண் இல்லை. (அ), (ஆ) என்று கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வினைச்சொல்லைக் கவனியுங்கள். ஐடென்டிஃபை என்றால் பெயரைச் சொன்னால் போதும். டிஸ்க்ரைப் என்றால் அதன் இயல்பைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ப்ளெயின் என்றால் ‘ஏனெனில்’ என்ற இணைப்பு இல்லாமல் விடை நிறைவாகாது. விளக்கச் சொன்ன இடத்தில் வர்ணித்துவிட்டு வருவதுதான் உங்களைப் போன்ற நன்றாகப் படித்தவர்களும் மதிப்பெண் இழக்கும் இடம்.

கட்டுரையில் மையக் கருத்துக்கு 1, சான்றுகளுக்கு 2, காரண விளக்கத்துக்கு 1, எதிர்க்கருத்துக்குப் பதில் சொல்ல 1. நாடாளுமன்ற முறையா, அதிபர் முறையா, எதில் கொள்கை விரைவாகச் சட்டமாகும் என்று கேட்டால், ‘நாடாளுமன்ற முறையில்தான், ஏனெனில் நிர்வாகமும் பெரும்பான்மையும் ஒரே கையில் இருக்கின்றன’ என்று முதல் வாக்கியத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள். சான்று ஒன்று: பிரிட்டனில் கீழவையான காமன்ஸ் சபைப் பெரும்பான்மையின் தலைவரே பிரதமர். சான்று இரண்டு: மெக்சிகோவில் 2000-இல் அதிபரான விசென்டே ஃபாக்ஸுக்கு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் பெரும்பான்மை இல்லை, அவருடைய வரிச் சீர்திருத்தம் நிறைவேறவில்லை. பிறகு எதிர்க்கருத்து: 2024-இல் அதே மெக்சிகோவில் நீதித்துறைச் சீர்திருத்தம் சில வாரங்களில் நிறைவேறியதே? ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு அப்போது அத்தனை பெரும்பான்மை இருந்தது. பிரிட்டனில் அமைப்பே தரும் வசதியை மெக்சிகோவில் தேர்தல் முடிவு தந்தாக வேண்டியிருக்கிறது என்று பதில் சொல்லுங்கள். ‘சிலர் வேறுவிதமாக நினைக்கலாம்’ என்று எழுதி நிறுத்தினால் அந்த ஒரு மதிப்பெண் வராது.

புள்ளிவிவரக் கேள்வியில் ‘ஏறியது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆண்டில் எவ்வளவு, எந்த ஆண்டில் எவ்வளவு என்று இரண்டு முனைகளையும் சொல்லுங்கள். இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

அண்ணன் வைத்திருந்த பழைய கையேட்டை வைத்துப் படிக்கலாமா?
– மாணவர், வர்ஜீனியா

கருத்துச் சொற்களுக்கு உதவும், நாட்டு விவரங்களுக்கு நம்ப வேண்டாம். 2019–20 கல்வியாண்டுக்கு முந்தையது என்றால் தேர்வின் வடிவமே வேறு. சீனாவில் அதிபருக்கு இரண்டு முறை என்ற வரம்பு 2018-இல் நீங்கியது. ரஷ்யாவில் 2020 அரசமைப்புத் திருத்தம் புதினின் முந்தைய பதவிக்காலங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனில் நாடாளுமன்றத்துக்கு நிலையான காலம் வகுத்த 2011-ஆம் ஆண்டுச் சட்டம் 2022-இல் ரத்தானது. மெக்சிகோவில் 2025 முதல் நீதிபதிகளையும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த நான்கையும் கையேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தெரியாத அப்ஜெக்டிவ் கேள்விகளை விட்டுவிடலாமா?
– மாணவி, இல்லினாய்

ஒன்றைக்கூட விடாதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. 60 நிமிடத்தில் 55 கேள்விகள், ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றரை நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குறியிட்டுவிட்டு நகருங்கள். பத்தியும் வரைபடமும் வரும் இடத்தில் கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பிறகு பத்திக்கு வந்தால் நேரம் மிஞ்சும். குறியிட்டு வைத்தவற்றுக்கு அதில் திரும்ப வரலாம்.