உரிமை பிறப்பிலா, சட்டத்திலா?

கேள்வி: மனித உரிமை பிறவியிலேயே வருவது என்கிறார்களே, பிறகு சட்டம் எதற்கு?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் அப்படித்தான் வாதிட்டார். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முந்தியவை. அவற்றைக் காக்கத்தான் அரசே. பின்னால் வந்த இன்னொரு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜெரமி பெந்தாம் இதை ஒப்பவில்லை. சட்டம் தராத உரிமை வெறும் பிதற்றல் என்றார். மனசு லாக் பக்கம் சாய்ந்தாலும், லாக்கப்பில் கைகொடுப்பது பெந்தாம்தான்!

நம் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவைப் பாருங்கள். கைதானவரிடம் கூடிய விரைவில் காரணம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். விடுவிக்காவிட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கோ அது 14 நாள். பேச்சுரிமை தரும் 10ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே. 'மனிதராய்ப் பிறந்த எவருக்கும்' என்ற லாக்கின் வாதம் இடறுவது இங்கேதான்.