கரண்டைக்காலுக்கு மேலே கறுப்பு மிளகு

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 58 வயது, சின்ன வயதிலிருந்து பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர். உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சம் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது அதே காலில், கரண்டைக்காலுக்கு மேலே மிளகு மாதிரி நாலைந்து கறுப்புக் கட்டிகள், வலி இல்லை. 'மருதான், சுட்டுவிடு' என்கிறார் ஒருவர், 'கத்தி பட்டதால் பரவிவிட்டது' என்கிறார் இன்னொருவர். காலையே எடுத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம்.
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சுடவும் வேண்டாம், சேராங்கொட்டை தடவவும் வேண்டாம். மெலனோமா எடுத்த காலில் மேல்நோக்கிக் கறுப்புக் கட்டி கிளம்பினால், நோய் திரும்பிவிட்டதோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளங்காலிலிருந்து தொடையிடுக்கு நெறிக்கட்டு வரை நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்பே அதற்குள் புகுந்து வழியில் தங்கிவிட்ட செல்கள்தான் இப்படி முளைக்கும், கத்தி மேல் பழி போடாதீர்கள். வெயிலும் உப்புத்தண்ணியும் காரணம் என்றும் சொல்வார்கள், ஆனால் உள்ளங்காலில் எங்கே வெயில் படுகிறது? பாடகர் பாப் மார்லிக்குக்கூடக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது, 1981-ல் 36 வயதில் இறந்துபோனார்.

சரி, இனி என்ன செய்வது? ஒரு கட்டியில் பயாப்ஸி, அதாவது துண்டு எடுத்துப் பார்ப்பது, அதே துண்டில் பிராஃப், கிட் என்ற மரபணுக்கள் மாறியிருக்கின்றனவா என்று டெஸ்ட், கூடவே நோய் வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்க்க பெட் (PET) ஸ்கேன். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவசரமாக வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, நாலை எடுத்தால் மூன்று மாதத்தில் ஆறு முளைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தோலோடு நின்றிருந்தால் இது மூன்றாம் நிலைதான். ஒன்றிரண்டு என்றால் வெட்டி எடுக்கலாம். அதிகம் என்றால் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி, அதாவது புற்றுநோய் கட்டிப்போட்டிருக்கும் நம் எதிர்ப்புச் செல்களை அவிழ்த்துவிடுகிற மருந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏறும் (இந்த வழியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2018-ல் ஆலிசன், ஹோஞ்சோ என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல்). உள்ளங்கால் மெலனோமா மற்ற மெலனோமாவைவிட இதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மசியும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிராஃப் மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளும் உண்டு. அந்தக் காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரித்து மருந்து செலுத்துகிற முறையும் இருக்கிறது, எல்லா ஊரிலும் செய்ய மாட்டார்கள். காலை எடுப்பது இப்போது ரொம்ப அபூர்வம், அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபி விலை அதிகம், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று முதல் டோஸுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மருந்து ஏறிய பிறகு, மாதங்கள் கழித்து என்றாலும், வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அன்றைக்கே புற்றுநோய் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், அவிழ்த்துவிட்ட செல்கள் குடலையும் நுரையீரலையும் தாக்கலாம்.

டாக்டரைப் பார்க்கும்வரை கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து வாரம் ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம், பாசி எடுக்கும்போது துணி சுற்றுகிற விரல்களின் நகங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.